சொட்டு விழுந்த இடமும் ஒழுகிய இடமும்

வீட்டில் வண்டி கட்டுகிறவர்கள் பிரேக் ஆயில், கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) ஒழுகலில் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

நானும் மச்சினனும் சேர்ந்து ஒரு பக்கி (buggy) வண்டி, அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டும் சின்னத் திறந்த வண்டி, கட்டினோம். சதுரக் குழாயில் சேஸிஸ் (அடிச்சட்டம்), பழைய மாருதி 800-இன் 796 சிசி இன்ஜின் பின்பக்கம், ரேடியேட்டர் முன்பக்கம். ரோட்டில் ஓட்டப் பதிவு கிடையாது. அலங்காநல்லூர் பக்கம் மாமாவின் தென்னந்தோப்புக்குள்தான் ஓட்டம்.

இன்ஜின் ஒரு கோடியில், ரேடியேட்டர் மறு கோடியில் என்பதால் கூலண்ட் குழாய் வண்டி நீளத்துக்கும் போகிறது. பிரேக் லைனையும் அதே சட்டத்தை ஒட்டித்தான் இழுத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. அங்கேதான் தப்பு.

சித்திரை வெயிலில் டிரைவர் சீட்டுக்குக் கீழே போட்ட அட்டையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். வெப்பமுள்ளும் ஏறிக்கொண்டிருந்தது. "கூலண்ட்தான் மாமா" என்றான் மச்சினன். மூன்று நாள் ஹோஸ் கிளிப்பாக முறுக்கினோம். நான்காம் நாள் பிரேக் மிதி பாதி வரை இறங்கியது. மெதுவாகப் போனதால் வரப்போடு நின்றேன்.

கூலண்ட் பச்சை, பிரேக் ஆயில் வெளிர் மஞ்சள் என்பதெல்லாம் பாட்டிலில் இருக்கும்வரைதான். சேஸிஸ் அழுக்கில் இறங்கினால் இரண்டுமே கறுப்பு. கடைசியில் காட்டிக்கொடுத்தது பெயிண்ட். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கிவிடும். சட்டத்தின் அடி விளிம்பில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே பின்னால் போனேன். மூன்றடி தள்ளி, பின்சக்கரங்களுக்குப் பிரியும் டீ ஜாயின்ட் வரை அந்தச் சுருக்கம் போனது. ஒழுகியது அங்கே. வண்டி முன்பக்கம் தாழ்ந்து நிற்பதால் சட்டத்தோடு ஓடிவந்து சீட்டுக்கு அடியில் சொட்டியிருக்கிறது.

கழற்றிப் பார்த்தால் பைப் வாயில் மயிரிழை வெடிப்பு. பைப் வாயை விரித்து மடிப்பதுதான் ஃபிளேர்; நான் ஒற்றை மடிப்பு ஃபிளேர் போட்டிருந்தேன். பிரேக் லைனுக்கு இரட்டை மடிப்பு வேண்டும். கசிகிறதே என்று நட்டை இறுக்க இறுக்க வெடிப்புதான் வளர்ந்திருக்கிறது. புது பைப், இரட்டை ஃபிளேர், லைனுக்குள் இருந்த காற்றை வெளியேற்றினோம், மிதி கல் மாதிரி நின்றது.

அப்படியும் வெப்பமுள் ஏறியது. அப்படியானால் கூலண்டும் ஒழுகுகிறது! ஒரு பழைய ரேடியேட்டர் மூடியில் சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தி, இன்ஜின் ஆறியிருக்கும்போது பம்பால் காற்று அடித்தோம். எங்கள் மூடியில் அது தாங்கும் அழுத்தம் 0.9 (பார்) என்று போட்டிருந்தது, அதாவது சுமார் 13 பிஎஸ்ஐ. அதற்கு மேல் அடிக்கக் கூடாது. பம்பின் அழுத்த முள் இறங்க இறங்க, நானே வெட்டிச் செருகிய குழாயின் வாயில் நீர் முத்து முத்தாக வந்தது. வழவழப்பான குழாய், விளிம்பில் புடைப்பே இல்லை. கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் நகரத்தான் செய்யும். லேத் பட்டறையில் கொடுத்துப் புடைப்பு எடுத்தபின் நின்றது. திரும்பக் கூலண்ட் ஊற்றும்போது முன்பக்கத்தைச் சாய்தளத்தில் ஏற்றி ரேடியேட்டர் வாய்தான் உயரமான இடம் என்று ஆக்குங்கள். இல்லாவிட்டால் நீளக் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும்.

*திருமங்கலத்திலிருந்து:*
அண்ணே, ஜாயின்ட்டை நன்றாகத் துடைத்துக் காயவைத்துத் திருநீறு தூவுங்கள். ஒருவரை மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கசிகிற இடத்தில் சாம்பல் கறுத்துக் கோடு விழும். பவுடரிலும் வரும், திருநீறு மலிவு.

*மேலூரிலிருந்து:*
என் வண்டியில் எங்கும் ஈரமே இல்லை, ஆனாலும் மிதி மெல்ல இறங்குகிறது. டப்பாவில் ஆயில் அளவும் குறையவில்லை. என்ன செய்யலாம்?

*முதலில் எழுதியவர்:*
தம்பி, அளவு குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (மிதியை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் உருளை) ரப்பர் கப் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே தாண்டுகிறது என்று நினைக்கிறேன். குறைந்தால் பின் பிரேக் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார். கசிவு டிரம்முக்குள்ளேயே தங்கி பிரேக் ஷூவை நனைத்துவிடும், தரையில் ஒரு சொட்டுகூட வராது. எதுவானாலும் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதே.

*ஒத்தக்கடையிலிருந்து:*
நான் செய்த முட்டாள்தனம்: பிரேக் ஆயில் தீர்ந்ததென்று கையில் இருந்த இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினேன். ரப்பர் எல்லாம் ஊதிப் பிரேக் பிடித்தது விடவே இல்லை. மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை மாற்றினேன். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றி உப்புக் கட்டியது தனிக்கதை.

*முதலில் எழுதியவர்:*
திருமங்கலம் தம்பி, நேற்று தூவிப் பார்த்தேன். முன் இடது ஹோஸ் போல்ட்டில் கோடு விழுந்தது. பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தேன். புதிது மாட்டியாச்சு. சாமி மாடத்துச் சம்புடம் காலியானதைத்தான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.