கடன் எடுத்து நாலு வருட எஞ்சினியரிங்கா, மூன்று வருடக் கொலிஜா?

கிளிநொச்சிக்காரி:
ரொறன்ரோ வந்து மூன்று வருடம். போன வருடம்தான் அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள், இனி ஓசாப் என்கிற ஒன்ராறியோ மாகாணக் கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கலாம். வயது 26, ஊரில் ஏ.எல். (உயர்தரம்) கணிதப் பிரிவு. எங்கள் ஊர் அறிவியல்நகரில் இருக்கிற பொறியியல் பீடத்துக்கே அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளி கொஞ்சத்தால் தவறிவிட்டது. இப்போது இரவில் பேக்கரியில் பாண் பெட்டி அடுக்குகிறேன். அறை வாடகை போக அம்மாவுக்கு மாதம் 400 டொலர் அனுப்ப வேண்டும். சிவில் எஞ்சினியரிங் படிக்க ஆசை, கடனை நினைத்தால்தான் பயம். என்ன செய்யலாம்?

மார்க்கம்_ரூபன்:
தங்கச்சி, டிப்ளோமா தருகிற கொலிஜுக்குப் போங்கள். யூனிவர்சிற்றியில் எஞ்சினியரிங் கட்டணம் மட்டும் வருடம் பத்தாயிரத்தைத் தாண்டும், கொலிஜில் சிவில் டெக்னாலஜிக்கு அதில் பாதிகூட வராது. மூன்று வருடத்தில் சைட் இன்ஸ்பெக்ஷன், மண் பரிசோதனை லாப் என்று ஏதாவது ஒரு வேலையில் ஏறிவிடலாம். யூனிவர்சிற்றியில் நாலு வருடம் என்பார்கள், கல்குலஸில் ஒருமுறை கவிழ்ந்தால் அது ஐந்தாகும்.

சுபா:
ரூபன் அண்ணை கட்டணத்தை மட்டும் பார்க்கிறார். கடன் என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஊரில் வட்டிக்கு எடுத்த காசுதான் கண்ணில் தெரியும். ஓசாப்பில் மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டியே கிடையாது, ஒன்ராறியோவின் பங்குக்கு மட்டும் உண்டு. படித்து முடித்த பிறகும் தனி ஆளின் வருட வருமானம் 40,000 டொலருக்குக் கீழே இருந்தால் மாதத் தவணை பூச்சியம். ஆனால் அது தானாக வராது, விண்ணப்பித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

அப்புறம் இன்னொன்று. டிப்ளோமா உங்களை டெக்னாலஜிஸ்ட் ஆக்கும், பொறியியலாளராக வரைபடத்தில் முத்திரை குத்த பி.எங். லைசென்ஸ் வேண்டும், அதற்குப் பட்டம் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு டெக்னாலஜிஸ்ட், பீம் கணக்கெல்லாம் அவர்தான் போடுவார். வரைபடத்தில் முத்திரை குத்த வேண்டி வந்தால் தன் மகன் வயதுப் பெடியனிடம் கொண்டுபோய் நிற்கிறார்.

வல்லையான்:
முடிக்க முப்பது வயதாகும், பிறகு கலியாணம் எப்போது, பிள்ளை எப்போது? முதியோர் பராமரிப்பு மாதிரி ஒரு வருடக் கோர்ஸ் செய்தால் உடனே சம்பளம். பனியிலும் சேற்றிலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்கிற வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு?

சுபா:
அண்ணை, அவர் கேட்டது காசுக் கணக்கு. அதையே பார்ப்போம். கலியாணம் கட்டினால் ஓசாப் கணவரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கும், கிடைக்கிற உதவி குறையலாம். அப்போது படித்து முடித்துவிட்டுக் கட்டுவதுதானே இலாபம்? முதியோரைத் தூக்கிக் குளிப்பாட்டுவது சேற்றில் நிற்பதைவிட இலேசு என்று யார் சொன்னது?

மார்க்கம்_ரூபன்:
வல்லையானை விடுங்கள். முத்திரை விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மாவுக்குப் போகிற அந்த 400 எந்தப் படிவத்தில் இருக்கிறது? கட்டணம், வாடகை, சாப்பாடு, பஸ், இவ்வளவும்தான் ஓசாப்பின் கணக்கு. 400க்காக இரவு வேலையை விட முடியாது, விடிய ஆறு மணிக்கு வந்து படுத்து ஒன்பது மணிக்கு லாபில் நிற்க வேண்டும். இந்தப் பிள்ளைகளை விழுத்துவது கட்டணம் இல்லை, தூக்கம்தான். டிப்ளோமா எடுத்து முதலில் பகல் வேலைக்கு மாறட்டும். பிறகு தண்டர் பேயில் லேக்ஹெட் பல்கலைக்கழகம் இருக்கிறது, டெக்னாலஜி டிப்ளோமாக்காரரைக் கோடையில் இணைப்புப் பாடங்கள் எடுக்க வைத்து நேரே மூன்றாம் வருடத்தில் சேர்க்கிறார்கள். பட்டமும் வரும், லைசென்ஸுக்கும் வழி இருக்கும்.

சுபா:
தண்டர் பே இங்கிருந்து 1,400 கிலோமீட்டர்! கையில் சம்பளம் வரத் தொடங்கினபிறகு அதை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய்ப் படிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? வாட்டர்லூ பல்கலைக்கழக எஞ்சினியரிங்கில் கோ-ஓப் கட்டாயம், நாலு மாதம் வகுப்பு என்றால் நாலு மாதம் சம்பள வேலை. அந்தச் சம்பளத்தில் 400 அனுப்பலாம். இல்லையென்றால் ரொறன்ரோவிலேயே பாடங்களைக் குறைத்து எடுங்கள், 60 வீதச் சுமை இருந்தாலே ஓசாப் முழுநேர மாணவராகத்தான் பார்க்கும்.

மார்க்கம்_ரூபன்:
தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளைகளே வாட்டர்லூ வாசலில் வரிசையில் நிற்கிறார்கள் சுபா. தமிழ் மீடியத்தில் ஏ.எல். எழுதி, இரவு வேலையோடு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிற ஒருவருக்குச் சொல்கிற வழியா இது? 60 வீதம் எடுத்தால் படிப்பு ஆறேழு வருடத்துக்கு இழுக்கும், அவ்வளவு காலமும் பாண் பெட்டிதான்.

கிளிநொச்சிக்காரி:
தம்பி ஓ.எல். எழுதும்வரை 400ஐ நிறுத்த முடியாது, அதில் பேச்சில்லை. இரண்டு பேரும் சொன்னதைக் கூட்டிக் கழித்தால், கொலிஜில் தொடங்குவதுதான் இப்போதைக்கு என் கைக்கு எட்டுகிறது போல. சுபா அக்கா கோபிக்க வேண்டாம், முத்திரையை விடுகிற எண்ணம் எனக்கு இல்லை. ரூபன் அண்ணை, எந்தக் கொலிஜ் டிப்ளோமாவையும் லேக்ஹெட் எடுக்குமா? சராசரி எவ்வளவு கேட்பார்கள்?

மார்க்கம்_ரூபன்:
கொலிஜுக்குக் காசு கட்டுவதற்கு முதலே அவர்களுக்கு ஈமெயில் போட்டு, கோர்ஸின் பெயரைச் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளையும் எறியாமல் வைத்திருங்கள், பிறகு கட்டாயம் கேட்பார்கள்.

சுபா:
கோபம் ஒன்றும் இல்லை. முதல் வருடக் கணிதத்தை மட்டும் இரவு வேலைக்குப் பலி கொடுக்காதீர்கள், ஸ்டாட்டிக்ஸில் சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள்.