'வெனீர்' என்னும் பிரெஞ்சு வினை நடுவில் மட்டும் ஏன் உருமாறுகிறது?

செந்தூல் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஓட்டல் முன்பதிவுப் பிரிவில் வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கிறேன். அடுத்த மாதம் டெல்ஃப் ஏ2 என்னும் பிரெஞ்சு மொழித்திறன் தேர்வு எழுதவிருக்கிறேன். 'வா' என்று பொருள்படும் 'வெனீர்' என்ற வினையில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். நான் வருகிறேன் என்பதற்கு 'ஜெ வியேங்', நீ வருகிறாய் என்பதற்கு 'த்யூ வியேங்', அவன் வருகிறான் என்பதற்கு 'ஈல் வியேங்' என ஒரே ஒலியாகப் போய்க்கொண்டிருந்த வினை, நாங்கள் என்றதும் 'நூ வெனோங்' என்றும் நீங்கள் என்றதும் 'வூ வெனே' என்றும் மாறிவிட்டு, அவர்கள் என்னும்போது 'ஈல் வியென்' என்று பழைய வழிக்கே திரும்பிவிடுகிறது. கொமூட்டர் ரயிலில் தினமும் இந்த ஆறு வடிவங்களையும் வாய்ப்பாடுபோல் முணுமுணுக்கிறேன். வரிசையாகச் சொன்னால் வருகிறது. நடுவிலிருந்து யாராவது கேட்டால் 'நூ வியெனோங்' என்று உளறிவிடுகிறேன். எதிர்காலத்திலோ 'ஜெ வியேந்த்ரே' என்று எங்கிருந்தோ ஒரு தகரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மலாயில் யார் வந்தாலும், என்றைக்கு வந்தாலும் 'டத்தாங்' என்ற ஒரு சொல் போதுமே! இந்த மாற்றங்களுக்குக் காரணம் ஏதும் உண்டா, அல்லது மனப்பாடம் ஒன்றுதான் வழியா?

பட்டர்வொர்த் ஓய்வாசிரியர்:

தங்கைக்கு வணக்கம். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றபின், பேத்தியோடு சேர்ந்து பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவன் நான். முதலில் நம் வீட்டு வினையையே பாருங்கள். ஏவலில் 'வா', நிகழ்காலத்தில் 'வரு', இறந்தகாலத்தில் 'வந்' என்று பகுதி மூன்று விதமாகத் திரிவதை நாம் குழந்தையிலேயே பழகிவிட்டதால் அது நமக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றுவதே இல்லை. நம் வினை காலத்துக்கு ஏற்ப மாறுகிறது. பிரெஞ்சு வினை நிகழ்காலத்துக்குள்ளேயே இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

காரணம் லத்தீனிலிருந்து வந்த அசையழுத்தம். அழுத்தம் பகுதியின்மேல் விழுந்த வடிவங்களில் அங்கிருந்த எகரம் காலப்போக்கில் 'இயெ' என்று விரிந்தது. நாங்கள், நீங்கள் ஆகிய இரண்டில் மட்டும் அழுத்தம் விகுதிக்குப் போய்விட்டதால் பகுதி 'வென்' என்றே தங்கிவிட்டது. இது ஒரு வினையோடு நிற்பதில்லை. முடியும் என்பதற்கான 'பூவ்வார்' வினையில் 'ஜெ பெ, நூ பூவோங், ஈல் பெவ்' என்பதும், கடமையைச் சொல்லும் 'தெவ்வார்' வினையில் 'ஜெ த்வா, நூ தெவோங், ஈல் த்வாவ்' என்பதும் இதே அச்சில் வார்த்தவை. ஆறு வடிவங்களையும் இரண்டு நிரலாக எழுதி, பகுதி மாறியவற்றைச் சுற்றிக் கோடு போட்டால் ஒரு பூட்ஸ் காலணியின் உருவம் வரும் என்று பாடம் நடத்துவோர் சொல்வதுண்டு. என் பேத்திக்குப் பிடித்த பகுதி அதுதான்.

அந்தத் தகரத்துக்கும் விளக்கம் உண்டு. னகரமும் ரகரமும் அடுத்தடுத்து வரும்போது நாக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடைவெளியில் ஒரு வல்லினம் தானாகவே பிறக்கிறது. 'நன்றி' என்று சொல்லிப் பாருங்கள், 'நன்ட்ரி' என்றுதானே காதில் விழுகிறது?

பெட்டாலிங் ஜெயா மொழிபெயர்ப்பாளர்:

ஐயாவின் விளக்கம் எனக்கும் புதிது. இருந்தாலும் தேர்வறையில் லத்தீனை நினைத்துக்கொண்டிருந்தால் பேச்சு வராது என்பதால், செவிவழியாக ஒரு மாற்றுவழி சொல்கிறேன். எழுத்தில் முதல் மூன்று வடிவங்களின் கடைசியில் எஸ், எஸ், டி என்று நின்றாலும் அவை ஒலிப்பதில்லை. ஆகவே உங்கள் காதுக்கு இருப்பவை ஆறு அல்ல, நான்கே. அவற்றிலும் 'வியேங்' என்று நாம் தமிழில் எழுதுவது உண்மையில் ஙகரம் அல்ல, மூச்சை மூக்கின் வழியே விடும் ஓர் உயிரொலி. 'வியென்' என்பதிலோ நாக்கு மேற்பல்லின் பின்புறத்தைத் தொட்டு, னகரம் தெளிவாகக் கேட்க வேண்டும். அவள் வருகிறாள், அவர்கள் வருகிறார்கள் என்பதை 'எல் வியேங்', 'எல் வியென்' என்று பிரித்துக் காட்டுவது அந்த ஒரு னகரம்தான், ஏனென்றால் 'எல்' என்னும் சுட்டுப்பெயர் இரண்டிலும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது. இந்த இரண்டை மட்டும் மாற்றி மாற்றி ஒரு வாரம் சொல்லுங்கள்.

இன்னொன்று. அன்றாடப் பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் 'நூ வெனோங்' என்பதைவிட 'ஓங் வியேங்' என்றே பெரும்பாலும் சொல்வார்கள். உங்களை உளற வைக்கும் வடிவத்தை வாய்மொழியில் இப்படித் தவிர்த்துவிடலாம். எழுத்துத் தாளில் தவிர்க்க முடியாது. 'வூ வெனே' ஓட்டலில் உங்களுக்குத் தினமும் தேவைப்படும். 'ஜெ வியேங் தெ' என்று தொடங்கி ஒரு வினையைச் சேர்த்தால் 'இப்போதுதான் செய்தேன்' என்ற பொருளும் கிடைத்துவிடும்.

செந்தூல் வாசகி:

ஐயாவுக்கும் உங்களுக்கும் மிக்க நன்றி. ரயிலில் 'எல் வியேங், எல் வியென்' என்று சொல்லிப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா இடம் மாறிவிட்டார். இறந்தகாலத்தில் ஒரு சந்தேகம். 'வந்தேன்' என்று எழுதும்போது பெண்ணாகிய நான் கடைசியில் ஓர் 'இ' (e) எழுத்தைச் சேர்க்க வேண்டுமா? உச்சரிப்பில் வேறுபாடே தெரியவில்லையே.

பட்டர்வொர்த் ஓய்வாசிரியர்:

சேர்க்க வேண்டும். நம் மொழியில் வந்தான், வந்தாள் என்று படர்க்கையில்தான் பால் தெரியும், 'வந்தேன்' என்பதில் தெரியாது. பிரெஞ்சில் 'வெனீர்' இறந்தகாலத்தில் 'எத்ர்' என்னும் துணைவினையோடு வருவதால், எழுதுபவர் ஆணா பெண்ணா என்பது தன்மையிலும் எழுத்தில் தெரிந்துவிடும். திரும்பி வருதலைக் குறிக்கும் 'ரெவெனீர்', ஆகுதலைக் குறிக்கும் 'தெவெனீர்' இரண்டுக்கும் இதே விதி. முன்கூட்டித் தெரிவித்தலைக் குறிக்கும் 'ப்ரெவெனீர்' மட்டும், திரிபில் அண்ணன் தம்பிபோல் இருந்தாலும், 'அவ்வார்' என்னும் துணைவினையோடு போய்விடும். வகுப்புத் தேர்வில் நான் மதிப்பெண் இழந்தது அங்கேதான்.