வேலை முடிந்தது, காசு வரவில்லை: லீன் போட்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

பேஸ்மென்ட் தம்பி:
லீன் என்பது, செய்த வேலைக்கு வராத காசுக்காக அந்த வீட்டுக் காணியின் மேல் பதியும் உரிமை. கனடாவின் ஒன்ராறியோவில் வீடு திருத்தும் வேலை செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர், அதனால் நானே தொடங்குகிறேன். மார்க்கம் நகரில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட் (நிலக்கீழ்த் தளம்) முழுவதும் செய்து கொடுத்தேன், கடைசிக் காசு 18,000 டொலர் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான். போன் எடுப்பார், "தம்பி, வீட்டு மோட்கேஜ் கடனை வேற வங்கிக்கு மாத்துறன், வந்ததும் தாறன்" என்பார், சண்டையே கிடையாது. அந்த இனிப்புப் பேச்சுத்தான் ஆளைக் கவிழ்க்கும். ஏனென்றால் பேஸ்மென்ட் மாதிரி வேலைக்கு, முடிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் லீனைக் காணிப் பதிவில் ஏற்றிவிடவேண்டும், அவர் எத்தனை தடவை "தாறன்" சொன்னாலும் அந்தக் கணக்கு நிற்காது.

லோயர் முதலில் கேட்டது ஒப்பந்தத்தை இல்லை, கடைசியாக எந்தத் தேதியில் என்ன வேலை செய்தாய் என்பதைத்தான். கதவுக்குப் பிடி பூட்டிய அன்று எடுத்த படம் போனில் இருந்தது, காட்டினேன். அதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. மிச்ச வேலையின் பெறுமதி ஒப்பந்தத் தொகையில் 1 வீதம் அல்லது 5,000 டொலர், எது குறைவோ அதற்குள் வந்துவிட்டால் ஒப்பந்தம் அப்போதே முடிந்ததாகத்தான் சட்டம் பார்க்குமாம். ஆகவே டைல் முடிந்த நாளிலிருந்து எண்ணினார். சின்னச் சின்னத் திருத்த வேலைக்குப் போய்வந்து நாளை இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதிந்தாயிற்று. புது வங்கி காணிப் பதிவைப் பார்த்தபோது லீன் கண்ணில் பட்டது, மோட்கேஜ் நகரவில்லை, அந்தக் கிழமையே அவராகக் கூப்பிட்டார். இல்லாவிட்டால் அந்த 60 நாளுக்குப் பிறகு வரும் 90 நாளுக்குள் மேல்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, அதன் சான்றிதழையும் அதே காணியில் பதிந்திருக்கவேண்டும். தவறினால் லீன் தானாகவே காலாவதி.

டைல் அண்ணை:
நான் சப்தான், கொன்ராக்டருக்குக் கீழே வேலை எடுத்துச் செய்கிற ஆள். மேலே இருந்த கொன்ராக்டர் காசும் தரவில்லை, போனும் எடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கும் எனக்கும் நடுவில் ஒரு துண்டுக் கடதாசிகூடக் கிடையாது, ஆனாலும் அந்தக் குளியலறையில் ஒட்டியிருப்பது என் உழைப்பு, அதற்கு லீன் போடலாம். வீட்டுக்கார அம்மா கேட்டார், "நான் அவருக்கு முழுக்காசும் குடுத்திட்டன், திரும்ப ஏன் குடுக்கவேணும்?" பாவம்தான். ஒவ்வொரு முறை காசு கொடுக்கும்போதும் என்னைப் போன்ற ஆட்களுக்காக 10 வீதத்தை ஹோல்ட்பேக் என்று பிடித்து வைக்கவேண்டும், அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்ததும் அந்த 10 வீதத்துக்குள்தான், அதிலும் எலக்ட்ரீஷியன் ஒருவர் லீன் போட்டிருந்ததால் பங்கு பிரிந்தது. மிச்சத்துக்குக் கொன்ராக்டரைத் துரத்திக்கொண்டிருக்கிறேன், லீன் போனாலும் கடன் கடன்தானே.

வீடு விற்றவள்:
மறுபக்கத்தையும் கேளுங்கள். பாதி வேலையோடு போன ஒருவர் எங்கள் வீட்டின் மேல் 60,000 டொலருக்கு லீன் போட்டார், வீடு விற்றுக் கைமாறும் நேரம் பார்த்து. லோயர் அந்தத் தொகையையும் செலவுக்கென்று அதில் 25 வீதத்தையும் நீதிமன்றத்தில் கட்ட வைத்து, லீனை வீட்டிலிருந்து எடுப்பித்தார், விற்பனை நடந்தது. இப்போது சண்டை அந்தக் காசின் மேல். வேண்டுமென்றே கூட்டி எழுதிய லீனால் நட்டம் வந்தால் போட்டவர்தான் பொறுப்பு, அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள் தம்பிமாரே.

புது ஆள்:
எனக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. போடலாமா?

பேஸ்மென்ட் தம்பி:
வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிக்கத்தான் பாடு. வாட்ஸ்அப் செய்தி, சாமான் வாங்கிய பில், அவர் அனுப்பிய முற்பணம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு இந்தக் கிழமையே லோயரிடம் போங்கள். கடைசி வேலை எப்போது முடிந்தது?