கோத்தகிரி வீட்டு ஃபயர்பிளேஸ்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பழைய வீட்டு ஹாலில் செங்கல்லில் கட்டிய திறந்த ஃபயர்பிளேஸ் இருக்கிறது. டிசம்பர், ஜனவரிக் குளிர் அம்மாவுக்குத் தாங்கவில்லை. விறகு கட்டுக்கட்டாகக் கரைகிறது, சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. காற்றடித்தால் புகை ஹாலுக்குள் திரும்பி, மேல்சுவரில் விரல் வைத்தால் கரி ஒட்டுகிறது. எலக்ட்ரிக் ஹீட்டர் சரிப்படாது, மழை காற்று என்றால் கரண்ட் போய்விடும்.

அதே இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட வார்ப்பிரும்பு அடுப்பைப் பொருத்த நினைக்கிறோம். உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தலாம், குறைந்த விறகில் கூடுதல் சூடு கிடைக்கும். பழைய புகைபோக்கிக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்களுடையது ஓட்டுக்கூரை, மர உத்தரம். குழாய்க்கும் மரத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? எனக்குப் பெரிய பயமே அதுதான்.

விறகு எரியும்போது வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அலாரம் மாட்டாமல் பற்றவைக்கப் போவதில்லை. பேட்டரியில் ஓடும் நல்ல அலாரம் எது?

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் ஊர் மழையில் சீகை (வாட்டில் மர) விறகை எப்படிக் காயவைக்கிறீர்கள்?

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இந்த வேலை தெரிந்த கொத்தனார் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும்.