இத்தாலியின் அப்ருட்ஸோ மலைக் கல்வீட்டை மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தே விற்க முடியுமா?

சிப்புட்_மாலா:
வணக்கம். இத்தாலி, அப்ருட்ஸோ மலைக் கிராமத்தில் பழைய கல்வீடு ஒன்று, என் பேரிலும் கணவர் பேரிலும் இருக்கு. வாங்கி நாலு வருஷம். கூரையை மாற்றி, உள்ளே எல்லாம் புதுசு பண்ணியாச்சு. ஒட்டினாற்போல கொஞ்சம் ஆலிவ் நிலமும் உண்டு. அங்கே போகாமலே விற்கலாமா? முதலில் எதைச் செய்யணும்?

பீடோர்_செல்வம்:
விற்கலாம் அக்கா. ஆனால் ஏஜெண்டுக்கு முன்னால் ஒரு ஜியோமெத்ராவைப் பிடிங்க. அந்த ஊர் சர்வேயர். கதாஸ்தோ என்ற நிலப்பதிவில் உள்ள வீட்டு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிடச் சொல்லுங்க. மலை வீடுகளில் வழக்கமான சிக்கல் இதுதான்: வரைபடத்தில் கீழே மாட்டுக்கொட்டகை, மேலே வைக்கோல் பரண், நேரில் பார்த்தால் கீழே சமையலறை, மேலே கூரை ஜன்னலோடு படுக்கையறை. 2010 முதல் இரண்டும் பொருந்தாமல் பத்திரம் எழுத முடியாது.

கதாஸ்தோவைத் திருத்தினால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறாங்க. முடியாது. நகராட்சி அனுமதிக் கோப்பு தனி. 1967 செப்டம்பர் 1-க்கு முன் கட்டிய வீடு என்ற அறிவிப்பு பழைய சுவருக்குத்தான் காப்பு. பிறகு செய்த வேலைக்கு சீலா அல்லது ஷியா (நகராட்சிக்குக் கொடுக்கும் கட்டட வேலை அறிவிப்பு) கோப்பு வேணும். அப்ருட்ஸோ நிலநடுக்கப் பகுதி. கூரை மாற்றும்போது சுவர் தலையில் கான்கிரீட் வளையம் போட்டிருந்தால் ஜெனியோ சிவிலே என்ற அரசுப் பொறியியல் அலுவலகத்தில் கட்டமைப்புக் கணக்கும் பதிவாகியிருக்கணும். இல்லையென்றால் அபராதம் கட்டி முறைப்படுத்த மாதக்கணக்கில் ஆகும். கப்பார்ரா என்ற முன்பணம் வாங்கிய பிறகு உங்கள் தரப்புக் குறையால் விற்பனை நின்றால், அதை இரட்டிப்பாகத் திருப்பணும். அதனால்தான் முதலில் சர்வேயர்.

எரிசக்திச் சான்று 'ஆப்பே'யும் விளம்பரத்துக்கு முன்பே கையில் இருக்கணும். பத்து வருஷம் செல்லும். ஆனால் ஹீட்டர் பராமரிப்புச் சோதனையை விட்டுவிட்டால் முன்பே காலாவதி.

ஈப்போ_நளினி:
போகாமலே விற்க, உங்களுக்காக அங்கே கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கணும். அதுக்கு ஊரில் உள்ள பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முத்திரை எடுபடாது. நோட்டரி பப்ளிக் வேணும், ஈப்போவில் கிடைப்பாங்க. பிறகு விஸ்மா புத்ரா (மலேசிய வெளியுறவு அமைச்சு), அடுத்து கோலாலம்பூர் இத்தாலியத் தூதரகம், இரண்டிலும் சான்றொப்பம். வாசகத்தை நீங்க எழுதாதீங்க. விற்பனைப் பத்திரம் எழுதப்போகும் நொத்தாயோவிடமே (இத்தாலிய நோட்டரி) இருமொழி வரைவு வாங்குங்க, வீட்டின் பதிவு எண்களோடு. கணவர், மனைவி இருவரும் கையெழுத்து. அசல் கூரியரில் போகணும், ஸ்கேன் பத்தாது.

நம்ம ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில். பாஸ்போர்ட்டில் 'ஏ/பி' (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயர். இத்தாலிய வரி எண்ணின் முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரிலிருந்தும் அடுத்த மூன்று சொந்தப் பெயரிலிருந்தும் எடுப்பாங்க. வாங்கும்போது எதைக் குடும்பப் பெயராகப் போட்டாங்களோ, அதிகாரப் பத்திரத்திலும் அதேதான் வரணும்.

கூலிம்காரன்:
வாங்கி ஐந்து வருஷத்துக்குள் விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. நொத்தாயோ முன்னால் 26 சதவீதம் கட்டி முடித்துக்கொள்ளலாம். புதுப்பித்த செலவைக் கழிக்கலாம், பில் இருந்தால். கொத்தனாருக்குக் கைக்காசாகக் கொடுத்தது கணக்கில் ஏறாது. நாலு வருஷம் ஆச்சு என்றால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்க, கோப்புகளைச் சரிபண்ணவே பாதி போயிடும். சூப்பர்போனஸ் என்ற இத்தாலிய அரசின் வீட்டுப் புதுப்பிப்பு வரிச் சலுகையில் வேலை செய்திருந்தால் மட்டும் கணக்கு வேறு, அது பத்து வருஷம். நம்ம ஊர் சொத்து லாப வரி மலேசியச் சொத்துக்குத்தான்.

ஆலிவ் நிலத்தை மறக்காதீங்க. பக்கத்து நிலத்துக்காரர் தானே பயிர் செய்யும் விவசாயியாக இருந்தால் வாங்க அவருக்கு முன்னுரிமை. விற்பனை ஒப்பந்தத்தை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி 30 நாள் காத்திருக்கணும். அனுப்பாமல் விற்றால், பத்திரம் பதிவாகி ஒரு வருஷத்துக்குள் அந்த விவசாயி அதே விலைக்கு நிலத்தை வாங்கினவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சிப்புட்_மாலா:
நன்றி. பணம் எப்படி வரும்? அதோடு, கீழ்ச்சுவர் உள்பக்கம் வெள்ளையா உப்பு பூத்திருக்கு.

பீடோர்_செல்வம்:
பணத்தை பத்திரம் பதிவாகும் வரை நொத்தாயோவின் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லலாம், 2017 சட்டப்படி. பிறகு உங்க பேங்குக்கு அனுப்புவார். உப்பு என்றால் சிமெண்ட் பூச்சு போட்டிருப்பாங்க. கல்லுக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லை. மேலே பெயிண்ட் அடித்து மறைக்காதீங்க. கறை ஏறிய உயரத்துக்கு மேலே அரை மீட்டர் வரை கொத்தி எடுத்து, கல்லை மாதக்கணக்கில் காயவிட்டு, நீர்க்கடினச் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்து பூசச் சொல்லுங்க. கோடையில் தொடங்கினால்தான் காயும்.