மறு: பிளே-ஆஃப் கட்டுரை, "சீடு"க்கு (seed, பிளே-ஆஃபுக்கு முன்னாடி பலமான அணிகளுக்குக் குடுக்குற வரிசை எண்) என்ன சொல் போடலாம்?

> சீடு வாங்குன அணிக்கு முதல் ரவுண்டு ஆட்டமே கிடையாதே, பேசாம "நேரடி நுழைவு அணி"ன்னு போட்டுடலாமே தம்பி?

ஐயா, 2023 வரைக்கும் அது சரியா வந்திருக்கும். அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல எஃப்.சி.எஸ்.னு ரெண்டாவது அடுக்கு இருக்கில்ல, அதுல கடைசில நடக்குற, தோத்தா வெளியேங்குற பிளே-ஆஃபுக்கு 24 அணி, 8 பேருக்குத்தான் சீடு, அந்த 8 பேரும் முதல் ரவுண்டு ஆடாம நேரா ரெண்டாவதுக்குப் போயிடுவாங்க, மீதி 16 பேர் மோதி பாதி மிஞ்சும், அதனால சீடும் "பை"யும் (bye, ஒரு ரவுண்டு ஆடாமலே அடுத்ததுக்குப் போறது) ஒண்ணுதான்னு தோணும். 2024ல இருந்து 16 பேருக்கு சீடு, ஆனா பை அதே 8 பேருக்குத்தான். அந்த வருஷம் 9ஆவது சீடு ரிச்மண்ட், முதல் ரவுண்டுலயே லீஹை கிட்ட தோத்து மூட்டைய கட்டிருச்சு. அதைப் போய் நேரடி நுழைவுன்னு எப்படி எழுதறது?

தரவரிசையும் ஆகாது. அது வாராவாரம் ஓட்டு போட்டு மாறுற லிஸ்ட். சீடு, சீசன் முடிஞ்சதும் கமிட்டி உக்காந்து ஒரே தடவை குடுக்குறது, பெரிய அணிங்க ஆரம்பத்துலயே அடிச்சுக்கக் கூடாதுன்னு. 2024 சீசன்ல மொன்டானா ஸ்டேட் 1, நார்த் டகோட்டா ஸ்டேட் 2, அட்டவணைல ஆளுக்கொரு பாதில வச்சதால 2025 ஜனவரில டெக்சாஸ் ஃப்ரிஸ்கோ ஃபைனல்லதான் ரெண்டும் மோதுச்சு, அதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூட தோக்காம வந்த மொன்டானா ஸ்டேட் 35-32ல கப்பை விட்டுருச்சு.

சீடுன்னே விட்டா பாதிப் பேர் சீட்டுன்னு படிச்சு பஸ் சீட்டா எலெக்‌ஷன் சீட்டான்னு கேப்பாங்க. மெஷின் கிட்ட குடுத்தா "இரண்டாம் விதை வென்றது"ங்குது, கொடுமை. டென்னிஸ் செய்தில வர்ற "போட்டித் தரநிலை" நல்ல சொல்தான், ஆனா "போட்டித் தரநிலை வழங்கப்படாத அணி"ன்னு அட்டவணைல எழுதுனா கட்டம் பத்தாது.

நான் சொல்றது: முன்வரிசை. "முன்வரிசை 2", "முன்வரிசை அணி", "முன்வரிசை பெறாத அணி".

> 24ல 16 பேர் முன்வரிசைன்னா பந்தியில பின்னாடி யாருப்பா மிச்சம்?

8 பேர் இருக்காங்களே ஐயா :) 2023 வரை 8 பேர்தான் முன்வரிசை, அப்போ இன்னும் பொருத்தமாவே இருந்திருக்கும், அதைக் கூட்டுனது அவங்க, நம்ம இல்ல.

"பை"ங்கிறதுக்கு அக்கா போன மடல்ல சொன்ன "ஓய்வுச் சுற்று" எனக்கு ஓகே. "முன்வரிசை 9, ஓய்வுச் சுற்று இல்லை"ன்னு எழுதுனா குழப்பமே இல்ல. யாரும் எதிர்க்கலன்னா ஞாயித்துக்கிழமை விக்சனரில ஏத்திடறேன்.