மறு: சி.ஜி.எம். கருவிக்குத் தமிழ்ப் பெயர் – ‘குருதி’ வேண்டாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உடம்பில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரையைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும் சி.ஜி.எம். (continuous glucose monitor) கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: ‘தொடர் குருதிச்சர்க்கரைக் கண்காணிப்பி’, ‘அணிமானி’, ‘ஒட்டுமானி’. பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் ஒரு கிளினிக்கில், சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு, ஊசி, கருவி பற்றியெல்லாம் எடுத்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: சர்க்கரைத் தொடர்மானி. பேச்சில் ‘தொடர்மானி’ என்றாலே போதும்.

முதல் பெயரிலுள்ள ‘குருதி’யை எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். இந்தக் கருவி இரத்தத்தை அளப்பதே இல்லை. மேல்கையின் பின்பக்கத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஈரம் காய்ந்ததும் வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே போன ஊசி அந்த நொடியே வெளியே வந்துவிடும். தோலுக்கடியில் தங்குவது ஓர் இழை மட்டும். பலராலும் பயன்படுத்தப்படும் வகையில் அதன் நீளம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். அது நிற்பது செல்களுக்கு இடையே ஊறியிருக்கும் திசுநீரில். இழையின் முனையில் உள்ள குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி, திசுநீரிலுள்ள குளுக்கோஸோடு வினைபுரியும்போது மிகச்சிறு மின்னோட்டம் எழுகிறது. அதை எண்ணாக்கி, ஒன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ப்ளூடூத் வழியே போனுக்கு அனுப்புகிறது கருவி. 1962-இல் அமெரிக்க ஆய்வாளர்களான கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்த நொதி மின்முனைதான் இதற்கெல்லாம் மூலம்.

நாம் சாப்பிட்டதன் சர்க்கரை முதலில் இரத்தத்துக்கு வருகிறது. அங்கிருந்துதான் திசுநீருக்குக் கசிகிறது. இடையில் 5 முதல் 15 நிமிடம் வரை பிந்தும். சர்க்கரை நிலையாக இருக்கும் வேளையில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பாடு தள்ளிப்போய், சர்க்கரை மளமளவென்று இறங்கும்போதுதான் ஆபத்து. போன் 82 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆளுக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். விரலில் குத்திப் பார்த்தால் 61 இருக்கும். ‘உடம்பு சொல்றதும் கருவி சொல்றதும் ஒத்துப்போகலேன்னா குத்திப் பாருங்க’ என்று ஒவ்வொருவரிடமும் படித்துப் படித்துச் சொல்கிறோம். பெயரிலேயே ‘குருதி’யை வைத்துவிட்டால், ‘அதான் ரத்தத்துல பாத்துச் சொல்லுதே, இன்னும் எதுக்குக் குத்தணும்?’ என்று அவர்கள் கேட்பதில் என்ன தப்பு?

மர்பி டவுனிலிருந்து வரும் ஓர் அம்மா, கருவியை ஒட்டியதும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா, ஒரு சொட்டு ரத்தம்கூட வரலையே, இது எத வச்சு சுகர் பாக்கும்?” தோலுக்குக் கீழே இருக்கும் நீரை வைத்து என்றேன். மகனிடம் திரும்பி, “அப்ப இது ரத்த டெஸ்ட்டு இல்லடா” என்றார். நம் பெயர் இந்தத் தெளிவைக் குலைக்கக் கூடாது.

அடுத்து ‘கண்காணிப்பி’. இலக்கணப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதோடு ஒட்டி வரும் கங்காணி (தோட்டத் தொழிலாளர்களை வேலை வாங்கிய மேற்பார்வையாளர்) என்ற சொல் இலங்கை, மலேயாத் தோட்டங்களில் எப்படி ஒலித்தது என்பதைக் குழுமத்தின் மலேசிய நண்பர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். ஒரு கரண்டி பாயசத்துக்கு வீடே தன் தட்டைப் பார்க்கிறது என்று குமுறுகிறவரிடம், உங்கள் கையில் ஒரு கண்காணிப்பியை ஒட்டப்போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கருவி செய்வது அளப்பது. அளக்கும் கருவிக்கு வெப்பமானி, அழுத்தமானி என்று வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது.

‘மானி’க்குப் பதில் ‘அளவி’ என்று குழுமத்தில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ‘தொடரளவி’யும் நல்ல சொல்தான். ஆனால் இங்குள்ள நிலையையும் ஐயா எண்ணிப் பார்க்க வேண்டும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்து வளர்ந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குத் தமிழ் காது வழிதான். எழுத்து வழி இல்லை. ஆகவே ஒருமுறை கேட்டதும் பிடிபடும் சொல்லாக இருக்க வேண்டும். ‘தொடரளவி’யைச் சொல்லிப் பார்த்தேன், ‘தொட்ரா?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். ‘தொடர்மானி’ தடுக்காமல் போய்ச் சேர்கிறது. ‘சர்க்கரை’யும் அப்படியே. பேச்சில் சுகர்தான் என்றாலும், கன்னடத்தின் ‘சக்கரே காயிலே’ பக்கத்திலேயே இருப்பதால் விளக்கமே தேவைப்படுவதில்லை. குளுக்கோஸ் பல சர்க்கரைகளில் ஒன்று என்ற வேதியியல் நண்பரின் மறுப்பு நியாயமானது. ஆய்வுக் கட்டுரைகளில் ‘குளுக்கோஸ் தொடர்மானி’ என்று எழுதிக்கொள்ளலாம்.

‘அணி’, ‘ஒட்டு’ இரண்டும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் அளக்கும் பகுதியைத் தோலுக்கடியில் முழுதாகப் பொதிக்கும் எவர்சென்ஸ் கருவிக்கு, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் ஒப்புதல் தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-லேயே ஒப்புதல் தந்துவிட்டது. அதில் இழை இல்லை, நொதியும் இல்லை. ஒளிர்வை வைத்து அளக்கிறது. அளப்பது அங்கும் திசுநீரைத்தான். ஆகவே அணிவதையும் ஒட்டுவதையும் பெயருக்குள் கொண்டுவந்தால் அதன் அளக்கும் பகுதி பெயருக்கு வெளியே நின்றுவிடும். ‘அணிகருவி’ என்பதைக் கைக்கடிகாரம், மோதிரம், இதயத்துடிப்புப் பட்டை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வைப்போம். இன்னொன்று: தோலைத் துளைக்காமலே சர்க்கரை பார்ப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அதே எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தானாக அளக்கும் அப்படி ஒரு கடிகாரத்துக்கோ மோதிரத்துக்கோ ஒப்புதல் தந்ததில்லை என்றும் சொன்னது. இங்கே கடைத்தெருவிலும் ஆன்லைனிலும் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதும்போது ‘தொடர்மானி’ என்ற சொல்லைத் தயவுசெய்து கடன் கொடுக்காதீர்கள். 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. ஏமாறக் காத்திருக்கும் கூட்டம் சிறியதல்ல.

துணைச் சொற்களையும் இப்போதே பேசிவிடலாம். சர்க்கரை 70-க்கும் 180-க்கும் (மி.கி./டெசிலிட்டர்) இடையில் இருக்கும் நேரத்தின் பங்குக்கு ‘வரம்புநேரம்’ (மலேசிய, சிங்கப்பூர் அலகான மில்லிமோல்/லிட்டரில் 3.9 முதல் 10 வரை). பெரும்பாலான பெரியவர்களுக்கு இலக்கு 70 விழுக்காட்டுக்கு மேல், அதாவது நாளில் ஏறத்தாழ 17 மணி நேரம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனை மறைத்துவிடும் ஏற்ற இறக்கம் இதில்தான் தெரிகிறது. திரையில் ஏறுமுகமா இறங்குமுகமா என்று காட்டும் குறிக்குப் ‘போக்கம்பு’ என்றது துபாய் நண்பர், அப்படியே ஏற்கலாம்.

திணறுவது ஒன்றில்தான். கருவி இருக்கும் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடம் நசுங்கி, சர்க்கரை இறங்காமலே இறங்கியதாக நடுராத்திரியில் அலாரம் அடிக்கும். ஆங்கிலத்தில் இதைச் சொல்லும் ‘compression low’ என்பதை ‘அழுத்தத் தாழ்வு’ என்று நேராக ஆக்கினால், பி.பி. இறங்கிவிட்டது என்றே எல்லோரும் புரிந்துகொள்வார்கள். இப்போதைக்குப் ‘பொய்த்தாழ்வு’ என்று சொல்லிவருகிறேன். ஆனால் ‘பொய்’ என்று காதில் விழுந்ததும், உண்மையிலேயே சர்க்கரை இறங்கும் இரவிலும் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்களோ என்ற கவலை இருக்கிறது. படுத்த பக்கத்தால் வருவது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.